மீன்தொட்டிக் கண்ணாடியின் வெள்ளைப் படிவு: நீக்கும் வழிகளும் அவற்றின் எல்லைகளும்

ஆழ்துளைக் கிணற்று நீரில் வண்ணமீன் வளர்ப்பவர்களுக்கு இந்தக் காட்சி நன்றாகத் தெரியும். நீர் தெளிவாக இருக்கும், மீன்களும் நலமாக இருக்கும். ஆனால் நீர்மட்டத்தை ஒட்டி, கண்ணாடியின் நான்கு பக்கமும் ஒரு வெள்ளைப் பட்டை ஓடும். ஈரத்துணியால் துடைத்தால் போய்விட்டதுபோல் தோன்றி, காய்ந்ததும் மறுபடி தெரியும். பேச்சுவழக்கில் இதற்கு உப்புக்கறை என்று பெயர். இதை எப்படி நீக்குவது என்று கேட்டால், கேட்கும் இடத்துக்கு ஒரு விடை கிடைக்கும். ஒருவர் பிளேடால் சுரண்டச் சொல்வார். இன்னொருவர் வினிகர் போதும் என்பார். மூன்றாமவர் வினிகரால் ஒன்றும் நடக்காது, ஆசிட்தான் வழி என்பார். தண்ணீரை மாற்றாமல் கறையோடு மல்லுக்கட்டுவது வீண் என்பவர்களும் உண்டு.

இவர்கள் எல்லோருமே தாங்கள் கண்டதைத்தான் சொல்கிறார்கள். ஒருவருக்குப் பலித்த வழி இன்னொருவருக்குப் பலிக்காமல் போவதற்குக் காரணங்கள் இருக்கின்றன. படிவு எதனால் ஆனது, எவ்வளவு தடிமன், எத்தனை காலமாக இருக்கிறது, தொட்டிக்குள் மீன் இருக்கிறதா என்ற நான்கையும் சொல்லாமல் கேட்கப்படும் கேள்விக்கு ஒரே விடை இருக்க முடியாது. பரவலாகச் சொல்லப்படும் நிலைப்பாடுகள் எங்கிருந்து வந்தன, எவ்வளவு தூரம் செல்லும், எங்கே தடுமாறுகின்றன என்பதை இக்கட்டுரை தொகுத்துப் பார்க்கிறது.

படிவு உருவாகும் விதம்

சுண்ணாம்பு தூய நீரில் அநேகமாகக் கரைவதில்லை. லிட்டருக்கு 14 மில்லிகிராம் அளவுக்குத்தான் கால்சியம் கார்பனேட் கரையும். அப்படியிருக்க, கிணற்று நீரில் அதைப் போலப் பல மடங்கு சுண்ணாம்பு எப்படி இருக்கிறது? இதற்குத் தெளிவான விடை தந்தவர்களில் முதன்மையானவர் ஹென்றி கேவண்டிஷ். லண்டனின் ராத்போன் பிளேஸ் பகுதி நீரை ஆராய்ந்து 1767இல் அவர் வெளியிட்ட கட்டுரை, நீரில் கலந்திருக்கும் கரியமில வாயுதான் சுண்ணாம்பைக் கரைசலில் பிடித்து வைத்திருக்கிறது என்று காட்டியது. வாயு வெளியேறினால் சுண்ணாம்பு தனியே படிந்துவிடும்.

மீன்தொட்டியில் சுண்ணாம்பு இப்படித் தனியே படியப் பல வழிகள் உண்டு. காற்று பம்ப்பின் குமிழிகள் நீரைக் கலக்கிக் கரியமில வாயுவை வெளியேற்றுகின்றன. ஹீட்டரின் மேற்பரப்பில் நீர் சூடாகும்போது சுண்ணாம்பின் கரைதிறன் குறைகிறது. வேலம்பாசி, வாலிஸ்நேரியா போன்ற நீர்த்தாவரங்கள் ஒளிச்சேர்க்கைக்காக நீரிலுள்ள பைகார்பனேட்டையே எடுத்துக்கொள்ள வல்லவை. அதனால் அவற்றின் இலைகளிலேயே வெள்ளைத் துகள் படிவதைக் காணலாம். எல்லாவற்றுக்கும் மேலாக ஆவியாதல் இருக்கிறது. கண்ணாடியைத் தொடும் இடத்தில் நீர் மெல்லிய படலமாக மேலேறி நிற்கிறது. அந்தப் படலம் விரைவில் காய்ந்து, தன்னிடமிருந்த தாதுக்களை அங்கேயே விட்டுச்செல்கிறது. மறுபடி ஈரம் ஏறுகிறது, மறுபடி காய்கிறது. வெள்ளைப் பட்டை நீர்மட்டத்தில் தடித்தும் அதற்குக் கீழே மெலிந்தும் இருப்பதன் காரணம் இதுதான். குமிழிகள் உடைந்து தெறிக்கும் துளிகள் மூடியிலும் மேல்விளிம்பிலும் புள்ளிகளாகக் காய்கின்றன.

நீர் எப்போது படிவை உண்டாக்கும், எப்போது கரைக்கும் என்பதைக் கணக்கிட முதல் பயனுள்ள சூத்திரத்தை 1936இல் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் லாங்லியர் உருவாக்கினார். கார அமில நிலை, வெப்பம், கால்சியம், காரத்தன்மை, கரைந்த மொத்த உப்பு ஆகியவற்றை அது சேர்த்துப் பார்க்கிறது. நகரக் குழாய்களுக்காக எழுதப்பட்ட அந்தச் சூத்திரம் மீன்தொட்டியின் போக்கை உணர்வதற்கும் உதவும். ஆனால் கண்ணாடி விளிம்பில் காயும் மெல்லிய படலத்தில் நிலைமை தொட்டியின் நடுநீரிலிருந்து வேறுபடுவதால், அந்த இடத்துக்கு இது துல்லியமாகப் பொருந்தாது.

தமிழ்நாட்டில் இந்தச் சிக்கல் பரவலாக இருப்பதற்கு நிலவியல் காரணம் உண்டு. மாநிலத்தின் ஏறத்தாழ முக்கால் பங்கு நிலத்தின் அடியில் இருப்பது கடினப் பாறை. அதன் பிளவுகளில் நெடுங்காலம் தங்கிய நீர் தாதுக்களைச் சுமந்தே மேலே வருகிறது. குடிநீருக்கான இந்தியத் தர நிர்ணயம் (ஐ.எஸ். 10500, 2012) மொத்தக் கடினத்தன்மைக்கு லிட்டருக்கு 200 மி.கி. என்ற ஏற்கத்தக்க அளவையும், வேறு நீராதாரம் இல்லாதபோது 600 மி.கி. வரை அனுமதியையும் வைத்திருக்கிறது. அமெரிக்க நிலவியல் அளவாய்வு நிறுவனத்தின் பகுப்பில் 180 மி.கி.க்கு மேற்பட்டாலே மிகக் கடின நீர். குடிக்கத் தடையில்லாத நீர் என்பதால் அது கண்ணாடியில் கறை விடாது என்று சொல்லிவிட முடியாது. கோயம்புத்தூரில் சிறுவாணி அணை நீரும் ஆழ்துளைக் கிணற்றின் போர் நீரும் ஒரே வீட்டின் இரு குழாய்களில் வரலாம். எந்தக் குழாயிலிருந்து தொட்டி நிரப்பப்படுகிறது என்பதே கறையின் அளவைப் பெரிதும் தீர்மானிக்கும்.

வெள்ளையாகத் தெரிவதெல்லாம் ஒன்றல்ல

நீக்கும் வழிகளைப் பற்றிய சச்சரவுகளில் பெரும்பாலானவை இந்த இடத்தில்தான் தொடங்குகின்றன. கண்ணாடியில் வெண்மையாகத் தெரிவது ஐந்து வகைப்படலாம்.

முதலாவது, நீரிலேயே கரையும் உப்புகள். கடல்மீன் தொட்டிகளின் விளிம்பில் பூக்கும் உப்பும், கடலோரப் போர் நீர் விட்டுச்செல்லும் சோடியம் குளோரைடும் இவ்வகை. வெறும் நீரில் ஊறவைத்தால் போய்விடும். இரண்டாவது, கால்சியம் கார்பனேட். நன்னீர்த் தொட்டிகளில் மிகவும் பரவலானது இதுவே. அமிலம் பட்டால் நுரைக்கும். மூன்றாவது, ஜிப்சம் என்னும் கால்சியம் சல்பேட். அமிலத்துக்கு நுரைக்காது. ஆனால் நகத்தாலேயே கீறக்கூடிய மென்மை கொண்டது. லிட்டருக்கு 2 கிராமுக்குச் சற்று மேல் வெறும் நீரில் கரையவும் செய்யும். நான்காவது, சிலிக்கா சார்ந்த படிவு. கடினப் பாறை நீரில் கரைந்த சிலிக்கா இருப்பது இயல்பு. நீர் காய்ந்து செறிவு பல மடங்காகும்போது அது கண்ணாடி மேல் ஒட்டுகிறது. வீட்டில் கிடைக்கும் எந்த அமிலமும் அதைக் கரைக்காது. ஐந்தாவது படிவே அல்ல. கண்ணாடியின் மேற்பரப்பு அரிக்கப்பட்டதால் வரும் மங்கல்.

இந்த ஐந்தாவது வகை பலருக்குத் தெரிவதில்லை. சாதாரணச் சோடா சுண்ணாம்புக் கண்ணாடியில் சோடியம் கணிசமாக உண்டு. நீர் நெடுநாள் தொட்டுக்கொண்டிருந்தால் சோடியம் கொஞ்சம் கொஞ்சமாக வெளியேறும். அது தேங்கும் மெல்லிய நீர்ப்படலம் காரமாகும். கார அமில நிலை 9ஐத் தாண்டும்போது கண்ணாடியின் சிலிக்காக் கட்டமைப்பே கரையத் தொடங்குகிறது. ஈரமும் உலர்வும் மாறிமாறி நிகழும் நீர்மட்டக் கோடு இதற்கு ஏற்ற இடம். சோடியம் பைகார்பனேட் மிகுந்த போர் நீர் காயும்போது காரத்தன்மை இன்னும் ஏறும். இப்படி உண்டான மங்கலில் கரைக்க எதுவும் மிச்சமில்லை.

இவற்றைப் பிரித்தறிய ஆய்வகம் வேண்டியதில்லை. காய்ந்த கறையின் மீது ஒரு துளி வினிகர் விட்டு, பின்னால் கறுப்புக் காகிதம் வைத்து, சாய்ந்த ஒளியில் பார்க்கலாம். நுண்குமிழிகள் எழுந்தால் கார்பனேட். நுரைக்காமல், விரல் நுனிக்குச் சொரசொரப்பாக இருந்தால் ஜிப்சமோ சிலிக்காவோ இருக்கலாம். தடவினால் வழவழப்பு, பார்த்தால் மங்கல் என்றால் அரிப்பென்று ஐயப்பட வேண்டும். ஆனால் உண்மையான தொட்டிகளில் இவை கலந்தே இருக்கும். சுண்ணாம்புக்குள் பாசியும் நுண்ணுயிர்ப் படலமும் அடுக்கடுக்காகச் சிக்கியிருக்கும். இந்தச் சோதனை திசை காட்டும்; தீர்ப்புச் சொல்லாது.

முதல் நிலைப்பாடு: சுரண்டி எடுப்பது

சுரண்டுவதுதான் மிகப் பழைய வழி. அதன் பக்கம் அறிவியல் நியாயமும் உண்டு. தாதுக்களின் கடினத்தன்மையை ஒப்பிடும் மோ அளவுகோலில் கால்சைட்டுக்கு 3, சாதாரணக் கண்ணாடிக்கு ஏறத்தாழ 5.5. நல்ல கூரான ஷேவிங் பிளேடைக் கண்ணாடியோடு படுக்கைவாட்டில், நீர் தடவிய பரப்பில் ஒரே திசையில் தள்ளினால், சுண்ணாம்பு செதிலாகப் பெயரும். கண்ணாடி பெரும்பாலும் தப்பும். எந்த வேதிப்பொருளும் நீரில் கலப்பதில்லை. மீன்களை வெளியே எடுக்காமலே செய்யலாம். ஜிப்சம், பாசி கலந்த படிவு ஆகியவற்றுக்கும் இதே முறை உதவும்.

இந்த நிலைப்பாட்டின் பலவீனம் பிளேடில் இல்லை, பிளேடுக்கும் கண்ணாடிக்கும் நடுவே சிக்கும் பொருளில் இருக்கிறது. தொட்டியின் அடிமணல் பெரும்பாலும் குவார்ட்ஸ். மோ அளவில் 7. ஒரு மணல்துகள் சிக்கினாலே கண்ணாடியில் நிரந்தரக் கீறல் விழும். கறை போகும், கீறல் போகாது. காந்தத் துடைப்பான்களிலும் இதே ஆபத்து உண்டு. பாத்திரம் துலக்கும் சாம்பலைத் தேய்க்கும் பழக்கமும் இங்கே கவலைக்குரியது. உமிச்சாம்பலில் பெரும்பங்கு சிலிக்காதான். பாத்திரத்தில் கண்ணுக்குத் தெரியாமல் போகும் நுண்கீறல் கண்ணாடியில் விளக்கொளி பட்டதும் தெரிந்துவிடும். இரும்பு நார் தேய்த்தால் உதிரும் துணுக்குகள் தொட்டிக்குள் விழுந்து துருப்பிடிக்கும்.

வேறு இரண்டு எல்லைகளும் உண்டு. தொட்டியின் மூலைகளில் இரு கண்ணாடிகளையும் பிடித்திருக்கும் சிலிகான் ஒட்டைப் பிளேடு எளிதில் வெட்டிவிடும். அன்றைக்குக் கசியாத தொட்டி பின்னொரு நாள் கசியலாம். அக்ரிலிக் தொட்டி என்றால் பிளேடு அறவே கூடாது. அக்ரிலிக் கால்சைட்டைவிட மென்மையானது. அதற்கு பிளாஸ்டிக் அட்டையின் விளிம்பும் மென்துணியும்தான் பொருந்தும்.

இரண்டாம் நிலைப்பாடு: புளிப்பால் கரைப்பது

சுண்ணாம்பை அமிலம் கரைக்கும் என்பது பழைய அறிவு. ஐரோப்பாவில் கெட்டிலின் உட்புறப் படிவை வினிகரால் நீக்குவது வீட்டு வழக்கம். நம் சமையலறையில் பித்தளைக்குப் புளியும் எலுமிச்சையும் கைகண்ட மருந்து. மீன்தொட்டிக்கு இன்று பெரும்பாலோர் பரிந்துரைப்பது இந்த வழியைத்தான். அதன் அடிப்படை உறுதியானது. ஆனால் எந்தப் புளிப்பும் ஒன்றுபோலச் செயல்படும் என்ற எண்ணம் சரியில்லை.

அசிட்டிக் அமிலம் சுண்ணாம்போடு வினைபுரிந்து தரும் கால்சியம் அசிட்டேட் நீரில் தாராளமாகக் கரையும். துடைத்தால் மிச்சமின்றிப் போய்விடும். கடையில் எலுமிச்சை உப்பு என்ற பெயரிலும் கிடைக்கும் சிட்ரிக் அமிலம் அதைவிட வலுவானது, மணமற்றது, விலையும் குறைவு. ஆனால் அது தரும் கால்சியம் சிட்ரேட் லிட்டருக்கு ஒரு கிராம் அளவுக்கே கரையும். நீர் சூடானால் அதுவும் குறையும். எனவே தடித்த படிவின் மீது கெட்டியான சிட்ரிக் கரைசலை விட்டுக் காயவிட்டால், பழைய வெள்ளை போய்ப் புதிய வெள்ளை வந்து நிற்கும். எலுமிச்சை தேய்த்தபின் கறை கூடிவிட்டது என்று சிலர் சொல்வதற்கு இது ஒரு காரணமாக இருக்கக்கூடும். நீர்த்த கரைசலைப் பலமுறை மாற்றி, காயுமுன் கழுவினால் இந்தக் குறை வராது. புளியிலுள்ள டார்டாரிக் அமிலத்தின் கால்சியம் உப்பும் எளிதில் கரையாதது. அதோடு புளியின் நிறமும் சக்கையும் சேரும். பித்தளையின் கறை உலோக ஆக்சைடு என்பதால் அங்கே புளி வெல்கிறது. சுண்ணாம்புக்கு அது சிறந்த தேர்வாகத் தெரியவில்லை. துரு நீக்கப் பயன்படும் ஆக்சாலிக் அமிலத்தை முற்றாக விலக்க வேண்டும். அதன் கால்சியம் உப்பு கரையவே கரையாது, அமிலமும் நச்சு.

வினிகர் வேலை செய்வதில்லை என்று பரவலாக ஒரு குற்றச்சாட்டு உண்டு. இதை ஒரு கணக்கால் சோதிக்கலாம். 1 கிராம் கால்சியம் கார்பனேட்டைக் கரைக்க 1.2 கிராம் அசிட்டிக் அமிலம் வேண்டும். 5 விழுக்காட்டு வினிகரில் அது 24 மில்லிலிட்டர். 60 செ.மீ. நீளக் கண்ணாடியில் 2 செ.மீ. அகலத்தில் ஒரு பட்டை, தடிமன் ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு என்று கொள்வோம். அது இடைவெளியற்ற கால்சைட்டாக இருந்தால் எடை 3 கிராமுக்குச் சற்று மேல். அதைக் கரைக்க ஏறத்தாழ 80 மி.லி. வினிகர் தேவை. துணியை நனைத்து ஒருமுறை துடைப்பவர் கண்ணாடிக்குத் தருவது 5 அல்லது 10 மி.லி. இருக்கலாம். பத்தில் ஒரு பங்கு கரைந்ததும் அமிலம் தீர்ந்துவிடும். அப்போது குற்றம் வினிகருடையது ஆகாது. அளவும் நேரமும் போதவில்லை என்பதே சரி.

ஆகவே முறையே முக்கியம். காலித் தொட்டி என்றால், கறைபடிந்த கண்ணாடி தரையில் படுக்கையாக வருமாறு தொட்டியைக் கவனமாகச் சாய்த்து வைத்து, அதன்மீது வினிகரைக் குளம்போல் நிற்கவிடுவது மிகச் சிறந்தது. நிமிர்ந்த கண்ணாடிக்கு, டிஷ்யூ காகிதத்தைப் பட்டையளவுக்கு மடித்து, வினிகரில் தோய்த்து ஒட்டி, காயாமலிருக்க மேலே பிளாஸ்டிக் தாளைப் பரப்பலாம். சிறிது நேரத்தில் காகிதத்தின் அடியில் நுண்குமிழிகள் திரளும். குமிழி எழுவது நின்றுவிட்டால் இரண்டில் ஒன்று நடந்திருக்கிறது: சுண்ணாம்பு தீர்ந்தது, அல்லது அமிலம் தீர்ந்தது. புதிய காகிதம் வைத்ததும் மறுபடி நுரைத்தால் தீர்ந்தது அமிலம்தான். அரைமணி நேரத்துக்கு ஒருமுறை மாற்றிக்கொண்டே வந்தால், பல ஆண்டுப் படிவும் பிளாஸ்டிக் அட்டைக்கே பெயரும் அளவுக்கு இளகும்.

சிலிகான் ஒட்டை வினிகர் கெடுக்குமா என்ற அச்சம் அடிக்கடி எழுகிறது. மீன்தொட்டிக்குப் பயன்படும் சிலிகானில் பெருவாரியானது, உலரும்போது தானே அசிட்டிக் அமிலத்தை வெளிவிடும் வகை. புதுத் தொட்டியில் வீசும் வினிகர் வாடை அதனுடையதே. சில மணிநேர வினிகர்த் தொடர்பால் அது பாதிக்கப்படும் என்று கருத இடமில்லை. தரையைப் பற்றித்தான் கவலைப்பட வேண்டும். மார்பிளும் மொசைக்கும் சிமென்ட்டும் சுண்ணாம்பைக் கொண்டவை. அவற்றின் மேல் சிந்தும் வினிகர் கண்ணாடியில் செய்யும் அதே வேலையைத் தரையிலும் செய்யும்.

வினிகரோடு சமையல் சோடாவைக் கலந்து பூசும் குறிப்பும் பரவலாக இருக்கிறது. கிளம்பும் நுரை வலிமையின் அடையாளமாகத் தோன்றினாலும், அமிலமும் காரமும் ஒன்றையொன்று அழித்துக்கொள்வதே அங்கே நடக்கிறது. சோடாத் தூளை மென்மையான தேய்ப்பானாகத் தனியே பயன்படுத்தலாம். வினிகரோடு சேர்த்தால் இரண்டுமே வீண்.

மூன்றாம் நிலைப்பாடு: ஆசிட்டும் பாலிஷும்

விரைவாக முடிய வேண்டும் என்பவர்கள் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தை நாடுகிறார்கள். வேதியியல் கண்ணோட்டத்தில் இது சுத்தமான வினை. விளையும் கால்சியம் குளோரைடு முழுதும் கரையும், சாதாரணக் கண்ணாடிக்கும் தீங்கில்லை. தொழிற்சாலைக் கொதிகலன்களின் படிவை நீக்க, உலோகம் அரிக்காதபடி பக்குவப்படுத்திய இதே அமிலம் பயன்படுகிறது. ஆனால் அங்கே பயிற்சி பெற்ற ஆட்களும் காற்றோட்டமும் பாதுகாப்பு உடையும் உண்டு. வீட்டு வராந்தாவில் அவை இருப்பதில்லை. ஆசிட் புகை கண்ணையும் மூச்சுக்குழாயையும் தாக்கும். தொட்டி வைக்கும் இரும்பு ஸ்டாண்டையும் அரிக்கும். இந்த அமிலம் கலந்த கழிப்பறைத் திரவங்களில் நிறமும் நுரைப்பொருளும் சேர்ந்திருக்கும். அவை வடிகட்டிப் பஞ்சிலும் கற்களிலும் தங்கினால் மீனுக்கு ஆபத்து. பிளீச்சிங் திரவம் பட்ட தொட்டியில் எந்த அமிலத்தை ஊற்றினாலும், அது வினிகரே ஆனாலும், குளோரின் வாயு கிளம்பும். இந்தக் கலவையை எந்தச் சூழ்நிலையிலும் அனுமதிக்கக் கூடாது. வினிகரால் சில மணிநேரத்தில் முடியும் வேலைக்கு இவ்வளவு ஆபத்தை ஏற்பது வீட்டளவில் நியாயமாகப் படவில்லை.

பாஸ்பாரிக் அமிலத்தை ஒரு நடுவழியாகச் சொல்வோர் உண்டு. அது விட்டுச்செல்லும் பாஸ்பேட் பாசிக்கு உணவு. காலித் தொட்டியில் நன்றாகக் கழுவிவிட முடிந்தால் அன்றி அதைத் தவிர்ப்பதே நல்லது.

அமிலம் தோற்கும் இடத்தில் பாலிஷ் வருகிறது. கண்ணாடித் தொழிலில் மெருகேற்றப் பயன்படும் சீரியம் ஆக்சைடு, சிலிக்காப் படிவையும் லேசான அரிப்பு மங்கலையும் போக்க வல்லது. அது படிவை மட்டும் எடுப்பதில்லை, கண்ணாடியின் மேல்தோலையும் மெல்ல எடுக்கிறது. அதனால் ஓரிடத்தில் அதிகம் தேய்த்தால் உருவம் நெளிந்து தெரியும். உழைப்பும் மிகுதி. மீனுள்ள தொட்டியில் செய்யவே முடியாது. ஆழமான அரிப்புக்கு அந்தக் கண்ணாடியை மாற்றுவதே மிஞ்சும். புளோரைடு கலந்த கண்ணாடிக்கறை நீக்கிகளைச் சிலர் தேடுகிறார்கள். கண்ணாடியையே கரைக்கும் அந்த வகைப் பொருள்கள் தோலின் வழியே உடலுக்குள்ளும் சென்று கடும் தீங்கு செய்பவை. வீட்டு உபயோகத்துக்கு அவை ஏற்றவையல்ல.

மீன் உள்ளே இருக்கும்போது

மேற்சொன்ன அமில முறைகள் காலித் தொட்டியில் எளியவை. பெரும்பாலோரின் தொட்டி காலியாக இருப்பதில்லை. ஒரு துளி வினிகர் விழுந்தாலும் மீன் செத்துவிடும் என்பது ஒரு தரப்பு. கொஞ்சம் விழுந்தால் ஒன்றும் ஆகாது என்பது மறுதரப்பு. தொட்டி நீரின் காரத்தன்மையை, அதாவது அமிலத்தை ஈடுகட்டும் அதன் திறனை, கணக்கில் எடுத்தால் இரண்டும் எங்கே பொருந்தும் என்று தெரியும்.

100 லிட்டர் தொட்டியில் காரத்தன்மை லிட்டருக்கு 200 மி.கி. என்றால், ஒரு மேசைக்கரண்டி (15 மி.லி.) வினிகர் அதில் ஏறத்தாழ 3 விழுக்காட்டை மட்டுமே செலவழிக்கும். கார அமில நிலை பெரிதாக அசையாது. காரத்தன்மை 20 மி.கி. மட்டுமே உள்ள மென்னீர்த் தொட்டியில் அதே வினிகர் 30 விழுக்காட்டைத் தின்றுவிடும். அங்கே மீன் திணற வாய்ப்புண்டு. கறை அதிகம் படிவது கடின நீரில் என்பதால், துப்புரவு தேவைப்படும் தொட்டியே பெரும்பாலும் தாங்கும் திறனும் உடையது.

ஆனால் அமிலத்தன்மை மட்டுமே கேள்வியல்ல. அசிட்டிக் அமிலம் பாக்டீரியாக்களுக்கு உணவு. பவளத்தொட்டி வளர்ப்பவர்கள் நைட்ரேட்டைக் குறைக்க வேண்டுமென்றே மிகச் சிறு அளவில் வினிகர் சேர்ப்பதும் உண்டு. அளவு மீறினால் பாக்டீரியா பெருகி நீர் கலங்கும், ஆக்சிஜன் குறையும். எனவே நீர்மட்டத்தைக் கறைக்கு இரண்டு மூன்று அங்குலம் கீழே இறக்கி, பிழிந்த துணியால் கீழிருந்து மேல்நோக்கித் துடைத்து, வெறும் நீர்த்துணியால் இருமுறை மீண்டும் துடைத்து, அதன்பின் நீர் நிரப்புவது தகும். நத்தை, இறால் உள்ள தொட்டியில் கூடுதல் எச்சரிக்கை வேண்டும். நத்தையின் ஓடும் கால்சியம் கார்பனேட்தான்.

நான்காம் நிலைப்பாடு: வராமல் தடுப்பது

நீரை மாற்றாமல் கறையை மட்டும் நீக்கினால் அது மீண்டும் வரும் என்பது தடுப்புத் தரப்பின் வாதம். நீரை மென்மையாக்கும் முயற்சிக்கும் நீண்ட வரலாறு உண்டு. நீராவிக் கொதிகலன் காலத்தில் படிவைத் தடுக்க உருளைக்கிழங்கையும் டானின் நிறைந்த மரப்பட்டைகளையும் உள்ளே போட்டிருக்கிறார்கள். அபர்டீனைச் சேர்ந்த வேதியியலர் தாமஸ் கிளார்க், சுண்ணாம்பைச் சேர்த்தே நீரின் சுண்ணாம்பை வெளியேற்றும் முறைக்கு 1841இல் காப்புரிமை பெற்றார். கொதிக்கவைத்து ஆறவிட்டுத் தெளிந்ததை எடுப்பதும் ஓரளவு உதவும். ஆனால் எரிபொருள் செலவைப் பார்த்தால் தொட்டியளவுக்குக் கட்டுப்படியாகாது.

தொட்டியைப் பொறுத்தவரை இந்த வாதத்தின் மிக வலுவான பகுதி, ஆவியான நீரை எதைக் கொண்டு ஈடுசெய்கிறோம் என்பது. ஆவியாகிப் போவது தூய நீர் மட்டுமே. தாதுக்கள் தொட்டியிலேயே தங்குகின்றன. 100 லிட்டர் தொட்டியில் வாரம் 10 லிட்டர் குறைகிறது, லிட்டருக்கு 400 மி.கி. கடினத்தன்மை உள்ள போர் நீரை ஊற்றி நிரப்புகிறோம் என்று கொள்வோம். வாரந்தோறும் 4 கிராம் கடினத்தன்மை கூடுதலாகச் சேர்கிறது. நீரை மாற்றாமல் நிரப்பிக்கொண்டே போனால் இது கண்ணாடியிலும் ஹீட்டரிலும் வடிகட்டியிலும் படிய வேண்டியதுதான். அதே 10 லிட்டருக்கு ஆர்.ஓ. நீரையோ மழைநீரையோ ஊற்றினால் செறிவு ஏறாது. முழுத் தொட்டியின் நீரையும் மாற்ற வேண்டியதில்லை. இட்டு நிரப்பும் நீரை மாற்றினாலே பெரும்பயன்.

2003இல் தமிழ்நாட்டில் எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர் சேகரிப்பு கட்டாயமாக்கப்பட்டது. மொட்டைமாடியில் முதல் மழை கழுவிச் சென்றபின் பிடித்த நீர், நிரப்புவதற்கு ஏற்ற மென்னீர். ஏ.சி.யிலிருந்து சொட்டும் நீரும் மென்மையானதே. ஆனால் செம்புக் குழாய்களைத் தொட்டு வருவதால் நத்தைக்கும் இறாலுக்கும் நச்சாகலாம். ஆர்.ஓ. கருவி வெளியேற்றும் கழிவுநீரை வீணாக்க மனமின்றித் தொட்டியில் ஊற்றுவது எதிர்விளைவைத் தரும். வடிகட்டி ஒதுக்கிய தாதுக்கள் அதில்தான் செறிந்திருக்கின்றன. வீட்டு ‘வாட்டர் சாஃப்ட்னர்’ கால்சியத்தை எடுத்துச் சோடியத்தைத் தருகிறது. அப்போது விழும் கறை நீரிலேயே கழுவிப் போகும் என்பது நன்மை. மொத்த உப்பளவு குறைவதில்லை என்பது குறை.

தடுப்புவாதம் எல்லை மீறும் இடமும் உண்டு. கறைக்கு அஞ்சி முழுத் தொட்டியையும் ஆர்.ஓ. நீரால் நிரப்பினால் காரத்தன்மை அற்றுப்போய், கார அமில நிலை திடீரெனச் சரியக்கூடும். கப்பி, மோலி, பிளாட்டி போன்ற குட்டிபோடும் மீன்களும், ஆப்பிரிக்க ஏரிகளின் சிக்லிட்களும் கடின நீரையே விரும்புபவை. டிஸ்கஸ், நியான் டெட்ரா ஆகியவற்றுக்கு மென்னீர் பொருந்தும். கண்ணாடியின் அழகுக்காக மீனின் தேவையைப் புறக்கணிப்பது மீன் வளர்ப்பின் நோக்கத்துக்கே முரண்.

எளிய தடுப்புகளும் உண்டு. மூடி போட்டால் ஆவியாதல் குறையும். நீர்மட்டத்தை மேல்சட்டத்தின் மறைவில் வைத்தால் பட்டை கண்ணில் படாது. குமிழியை மெதுவாக்கினால் தெறிப்பு குறையும். வாரம் ஒருமுறை நீர்க்கோட்டை ஈரத்துணியால் துடைத்தால் படிவு தடிக்க நேரமிருக்காது. இவை எதுவும் முழுத்தீர்வு இல்லை. ஆனால் எவற்றிலும் ஆபத்தும் இல்லை.

குழாயில் காந்தம் பொருத்தினால் சுண்ணாம்பு ஒட்டாது என்ற கருத்து பல பத்தாண்டுகளாக விற்பனையில் இருக்கிறது. ஆய்வக முடிவுகள் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகவில்லை. ஒருவேளை விளைவு இருந்தாலும், நீர் காய்ந்து போகும் விளிம்பில் தாதுக்கள் தங்காமல் போக வழியில்லை. மீன்தொட்டிக்கு இதைப் பரிந்துரைக்கப் போதிய காரணம் தென்படவில்லை.

மதிப்பீடு

நான்கு நிலைப்பாடுகளையும் அருகருகே வைத்தால் அவை ஒன்றையொன்று மறுப்பதைவிட, வெவ்வேறு சூழல்களுக்குப் பதில் சொல்வதே அதிகம் தெரிகிறது. மெல்லிய, புதிய சுண்ணாம்புக்கு வினிகர் போதும். தடித்ததற்கும் வினிகரே போதும். தாராளமான அளவும் பொறுமையும் வேண்டும். பாசி கலந்ததற்குப் புளிப்பில் ஊறவைத்தபின் சுரண்டுவது பொருந்தும். சிலிக்காவுக்கும் லேசான அரிப்புக்கும் காலித் தொட்டியில் பாலிஷ். ஆழ்ந்த அரிப்புக்கு வீட்டில் மருந்தில்லை. வழி எதுவானாலும், இட்டு நிரப்பும் நீரை மாற்றாதவரை அதன் பலன் தற்காலிகமே. முதலில் ஒரு துளியால் சோதிப்பது, அடுத்து ஆபத்துக் குறைந்த வழியிலிருந்து தொடங்குவது என்ற வரிசை எல்லாச் சூழலுக்கும் பொதுவாக நிற்கும்.

சில கேள்விகள் முடிவுபெறாமலே இருக்கின்றன. எத்தனை காலம் விட்டுவைத்தால் படிவு கண்ணாடி அரிப்பாக மாறும் என்பதற்குப் பொதுவான கணக்கு சொல்வது கடினம். நீரின் சோடியம், சிலிக்கா, வெப்பம், ஈரமும் உலர்வும் மாறும் வேகம் எல்லாம் அதில் சேரும். படிவு தோன்ற நுண்ணுயிர்ப் படலம் எந்த அளவுக்கு வித்திடுகிறது, வெறும் ஆவியாதல் எந்த அளவுக்குக் காரணம் என்பதும் தொட்டிக்குத் தொட்டி வேறுபடலாம். சிறு அளவு வினிகர் தொடர்ந்து நீரில் சேர்வதால் வெவ்வேறு மீனினங்களுக்கு நாளடைவில் என்ன ஆகும் என்பதற்கு, காரத்தன்மைக் கணக்கு மட்டும் முழு விடை தராது.

இவற்றுக்கெல்லாம் விடை கிடைக்கும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. படிவு சுண்ணாம்பாக இருக்கும்போதே எடுத்துவிட்டால் அரிப்பைப் பற்றிய கேள்விக்கே வாய்ப்புக் குறைகிறது. சேரவிட்டு ஒரேயடியாக வலிய பொருளால் தாக்குவதைவிட, மென்மையான வழியை அடிக்கடி கைக்கொள்வது கண்ணாடிக்கும் மீனுக்கும் அதைச் செய்யும் கைகளுக்கும் பாதுகாப்பானது. இப்போது கையிலிருக்கும் அறிவு இந்த அளவுக்கு உறுதியாகத் துணைநிற்கிறது.